மாற்றத்துக்கான காரணம்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா ஐயா? உங்கள் விசாரணைத் தாள்கள் பறக்கின்றன. ஒன்று கீழே விழுந்து வரிசை மாறிவிட்டால் நான் சொல்வது உங்களுக்கே குழப்பமாகிவிடும்.

எங்கள் மருத்துவமனையின் இணையதளத்தில் எது ஏறினாலும் இரண்டு பேரில் ஒருவர் கைபட்டுத்தான் ஏறும். ஒருவர் நான். இன்னொருவர் என் பக்கத்து நாற்காலிக்காரர், அலுவலகமே 'அவசரம்' என்று பெயர் வைத்த மனிதர். நான் ஒரு பக்கத்தை வரைவாக வைத்து முன்னோட்டம் பார்ப்பேன். கணினியில் ஒரு தடவை, கைபேசியில் ஒரு தடவை, காபி குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை. பிறகு 'மாற்றத்துக்கான காரணம்' என்ற பெட்டியை நிரப்பி, மேலாளர் அம்மாவின் ஒப்புதலுக்கு அனுப்புவேன். அந்தப் பெட்டி காலியாக இருந்தாலும் கணினி தடுக்காது. அவசரம் பதினாறு வருஷமாகக் காலியாகத்தான் விட்டார். முன்னோட்டத்துக்கெல்லாம் அவருக்கு ஏது நேரம்? போகிற வருகிறவர்களிடமெல்லாம் நாலு வார்த்தை சிரித்துப் பேச வேண்டுமே.

மேலாளர் அம்மா எதையும் படிக்காமல் ஒப்புதல் கொடுப்பவர். "நீங்க பாத்துட்டீங்கல்ல, அப்புறம் நான் வேற எதுக்குப் பாக்கணும்?" என்பார். அவ்வளவு நம்பிக்கை.

போன வருஷம் ஊழியர் பக்கத்தைப் புதுப்பித்தபோது அவசரம் தன் வழக்கப்படி பார்க்காமலேயே ஏற்றிவிட்டார். நூற்று நாற்பது பேரின் படமும் பெயரும் சரியாக வந்திருந்தன. என் இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் நிறக் கட்டம், கீழே 'பெயர் இங்கே'. யாராவது கவனிக்கிறார்களா பார்க்கலாம் என்று நானும் வாய் திறக்கவில்லை. பதினொரு நாள் அப்படியே கிடந்தது. என் மனைவியே அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க, எல்லாரும் சிரிச்ச முகமா இருக்காங்க" என்றாள். கடைசியில் நானே சரிசெய்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் வாரம் ஊழியர் பக்கத்திலிருந்து அவசரத்தின் படத்தை நீக்கினேன். காரணம்: 'படம் மங்கல்.' உண்மையிலேயே மங்கல்தான். அடுத்த வாரம் அவருடைய தொலைபேசி எண். காரணம்: 'அழைத்தால் ஆள் இருக்கையில் இல்லை.' இதுவும் ஊரறிந்த உண்மை. மூன்றாவது வாரம் செய்திப் பகுதிக்கு நாலு வரி எழுதினேன். இணையப் பிரிவின் மூத்த ஊழியர் வருகிற வெள்ளியோடு விருப்ப ஓய்வு பெறுகிறார், மருத்துவமனை அவரை மனமார வாழ்த்துகிறது. திங்கள் காலை பத்து மணிக்குத் தானாக வெளியாகும்படி நேரம் குறித்தேன். மூன்று முன்னோட்டமும் பார்த்தேன். தற்பெருமை என்று நினைக்காதீர்கள், படித்தபோது எனக்கே கண் கலங்கியது. ஒப்புதல் நாற்பது விநாடியில் வந்தது.

தளத்தில் வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் மறுபேச்சு கிடையாது. எங்களிடம்கூட மறைத்துவிட்டீர்களே என்று நர்ஸ்கள் அவரைச் செல்லமாகக் கோபித்துக்கொண்டார்கள். அவர் மேலாளர் அம்மாவிடம் ஓடினார். தன் ஒப்புதலோடு வந்த செய்தியைத் தானே படிக்கவில்லை என்று அம்மா எப்படிச் சொல்வார்? எல்லாம் மேலே முடிவானதுதான் என்று மழுப்பி அனுப்பிவிட்டார். அவசரம் தன் மகளைக் கல்லூரியில் சேர்த்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. நாற்பத்தெட்டு வயதில் தன்னை நாசூக்காக வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

என்னிடமும் வந்தார். "அண்ணே, நான் என்ன தப்பு பண்ணேன்? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

எதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும் என்று பொதுவாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை கேக் வெட்டினார்கள். எண்பத்தேழு பேர் வந்தார்கள், நான் எண்ணினேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தேம்பி அழுதார். அவசரம் சிரித்துக்கொண்டேதான் வெட்டினார். அன்று மாலை ஊழியர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினேன். எங்கள் வாசல் கதவு அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் திறக்கும். திங்களன்று பழக்கதோஷத்தில் வந்து, அடையாள அட்டையை மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம். அதற்குப் பிறகு அவர் வீட்டில் அறையை விட்டு வெளியே வரவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரம் தளத்தில் ஒரு பிழைகூட இல்லை.

அவர் இல்லாததை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நாலே நாளில் பாதி மருத்துவமனை அவர் வீட்டு வாசலில் போய் நின்றது. அவர் ஓய்வு கேட்கவே இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. உடனே தளத்தில் யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவைத் திறந்தார்கள். வரிசையாக என் பெயர், ஒவ்வொன்றுக்கும் நேரம், காரணம். வேறு எவனாக இருந்தாலும் பெட்டியைக் காலியாக விட்டிருப்பான்.

ஆமாம் ஐயா, எல்லாம் நான் செய்ததுதான். தளத்தின் தரத்துக்காகச் செய்தேன். அவர்மேல் எனக்கு எள்ளளவும் கோபமில்லை.

அந்த ஓய்வுச் செய்திக்கு நேராக, காரணப் பெட்டியில் 'பதினொரு நாள்' என்று மட்டும் இருப்பதாகக் காட்டுகிறீர்கள். தட்டச்சுப் பிழையாக இருக்கும். மூன்று தடவை முன்னோட்டம் பார்த்தேனே, எப்படி விட்டேன் என்றுதான் தெரியவில்லை.