குழலியோட சென்ட்டு

அந்தச் சேலைய நான் கட்ட மாட்டேன், அதுல அவங்க வாசன அடிக்குது, எனக்குக் கொமட்டிக்கினு வருது. இதத்தான சொன்ன? ஒரு எழுத்து மாறாம சொல்றேனா இல்லியா? உன் மாமியார் போன்ல அப்படியே ஒப்பிச்சாங்க. ஆடி வெள்ளி படைக்கலாம்னு சேலைய எடுத்தா, புது மருமக மூக்கப் பொத்திக்கினு ரூம்ல போயி தாப்பா போட்டுக்கிச்சு, நீங்களாவது வந்து சொல்லுங்க சம்பந்தின்னு அழுவுறாங்க அந்தம்மா.

அதான் வந்தேன். ஷேர் ஆட்டோவுல, இந்த முட்டியோட. உக்காரு அம்சா. உன் வீட்ல உன்னையே உக்காருன்றேன் பாரு.

என்னது, ஆன்ட்டியா? அது வேணாம். உன் வீட்டுக்காரரோட மொத பொண்டாட்டியப் பெத்தவளுக்கு என்ன மொறன்னு உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அம்மான்னே கூப்புடு. ஒண்ணும் கொறஞ்சிட மாட்ட.

உங்க பக்கத்துல பூவாடைக்காரிக்குப் படைக்கிற பழக்கம் இல்லியாமே? இங்க உண்டு. பூவும் பொட்டுமா போயிட்டவளுக்கு வருஷா வருஷம் சேல வெச்சி, மஞ்ச வெச்சி, பூ வெச்சிக் கும்புடுவாங்க. அப்பால அந்தச் சேலைய வீட்டுப் பொண்ணு ஒருத்தி எடுத்துக் கட்டிக்கணும். எல்லா வீட்லயும் புதுச் சேலதான் வெப்பாங்க. உன் மாமியாருக்குதான் இந்த வருஷம் புத்தி போயிருக்குது பாரு, என் பொண்ணு குழலியோட முகூர்த்தச் சேலையே வெக்கலாம்னு. நல்லா இருக்குது நியாயம்! நானா இருந்தாலும் கட்ட மாட்டேன் போ.

என்ன பாக்கற? கட்டுன்னு சொல்ல வரல நான். சேலைய எடுத்துக்கினு போவத்தான் வந்திருக்கேன். பாரு, பையி.

ஆனா நீ இன்னொண்ணு சொன்னியாமே. அவங்க ரொம்ப ஸ்டைலா, கெத்தா இருந்திருப்பாங்க, வாசனையிலயே தெரியுது, அவங்க பக்கத்துல கூட நான் நிக்க முடியாதுன்னு. சொன்னியா இல்லியா? தலைய ஆட்டாத, வாயத் தொற. இந்த வீட்ல வாயத் தொறக்காத ஆளு ஒருத்தர் போதும். இளவரசன்னு பேரு வெச்சிக்கினு, கேட்டா எழுந்து தறியில போயி குந்திக்கிறாரு மாப்ள.

குழலி ஸ்டைலா? அட கடவுளே. ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு மாட்டிக்கினு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனவ அவ. முறுக்க டீயில நனச்சித் தின்னுட்டு அடியில கெடக்கறத விரல விட்டு எடுப்பா. எழவு வீட்ல சிரிப்பு வந்துடும், நான்தான் தொடையில கிள்ளணும். பெருமாள் கருட சேவைக்கு விடியக்கால எழுப்பிக் கூட்டிக்கினு போனா, குடை அந்தாண்ட வருது, இவ என் தோள்ல தூங்கறா. இதான் உன் கெத்து.

அந்த சென்ட்ட எப்படி வாங்கினா தெரியுமா? மெட்ராஸ்ல மால்ல ஒரு பொண்ணு காயிதத் துண்டுல அடிச்சி மூக்குகிட்ட நீட்டிச்சாம். மேம், நீங்க ரோஸ் டைப்பா, ஜாஸ்மின் டைப்பான்னுச்சாம். இவ, நான் தயிர்சாதம் டைப்புன்னாளாம். அந்தப் பொண்ணு சிரிக்கவே இல்லியாம், அதச் சொல்லிச் சொல்லி இவ சிரிப்பா. காயிதத்த மட்டும் பர்ஸ்ல வெச்சிக்கினு வாசன போற வரைக்கும் மோந்துக்கினே திரிஞ்சா. மொத சம்பளம் வந்ததும் ஓடிப் போயி வாங்கினா. டப்பாவுல என்ன எழுதி இருந்துச்சு தெரியுமா? மென்மையும் மர்மமும் நெறஞ்ச பெண்ணுக்காம். மர்மமாம்! குளிக்கும்போது கதவத் தாப்பா போட மறக்கறவளுக்கு என்ன மர்மம்?

நான் திட்டிக்கினேதான் இருப்பேன். கான்வென்ட்டு வளப்பு. பவுடர் கொஞ்சம் தூக்கலா இருந்தா சிஸ்டர் கைக்குட்டைய நனச்சி மொகத்தத் தொடச்சி விடுவாங்க எங்களுக்கு. இவளா, கழுத்துல அடிப்பா, முடியில அடிப்பா, தலகாணியில கூட அடிப்பா.

கல்யாணத்தன்னிக்கு அதான் வெனை. உன் மாமனார் தன் கையால நெய்ஞ்ச சேல அது. ஜரிகையில சென்ட்டு பட்டா கறுத்துப் போவும்னு இந்த ஊர்ல பொறந்த கொழந்தைக்குத் தெரியும். இவளுக்கும் தெரியும். தெரிஞ்சிக்கினே மணவறைக்குப் போற நேரத்துல தோள் மேல புஸ்ஸுன்னு ஒண்ணு. கேட்டா, பயமா இருக்குதும்மா, இது வந்தா நான் வீட்ல இருக்கற மாதிரி இருக்கும்னா. மறுவீடு வர்றதுக்குள்ள தோள் பக்கம் கறுப்பு. நான் வெக்கத்துல செத்தேன். உன் மாமனார் அதப் பாத்தாரு, இவளப் பாத்தாரு, கறுப்பு உள்ள போற மாதிரி மடிச்சிக் காட்டிட்டு தறிக்குப் போயிட்டாரு. அப்பலேர்ந்து அந்த மடிப்புதான்.

என்ன, எழுந்துக்கிற? தீயற நாத்தமா? எங்க? பாலா? ஓடு ஓடு, போயி அணச்சிட்டு வா.

அடி புடிச்சிடுச்சா? போவட்டும், ஊற வெய்யி. எனக்கு நாத்தம் தெரியலியாவா? நான் பேச்சு மும்முரத்துல இருந்தேன். உக்காரு.

அந்த பாட்டில ஒரு நாளாவது மூடி போட்டு வெச்சிருக்காளா அவ? ஆஸ்பத்திரிக்குப் போற அவசரத்துல பீரோவுல அப்படியே தூக்கிப் போட்டிருக்கா. அப்பால யாரும் அந்த பீரோவத் தொறக்கல, நீ வர்ற வரைக்கும். பாட்டில் சாஞ்சி, தட்டு மொத்தமும் குடிச்சிருக்குது. நீயா பாவம் புதுசா வந்து கதவத் தொறந்து, அப்படியே அவ வந்து நின்ன மாதிரி ஆயிருக்கும். உன்னக் கோவிச்சி என்ன ஆவப்போவுது?

போன வருஷம் நானும் அந்த மாலுக்குப் போனேன், அதே பாட்டில் வாங்க. கவுன்ட்டர்ல ஒரு பொண்ணு. மேம், உங்களுக்கா, இது ரொம்ப ரொமான்டிக் பர்சனாலிட்டிக்குன்னுச்சு. என் பர்சனாலிட்டி உனக்கு யாரு சொன்னான்னு கேட்டேன். உடனே பில்லு போட்டுடுச்சு. வீட்டுக்கு வந்து அடிச்சேன், அடிச்சேன், அடிச்சிக்கினே இருந்தேன். எங்க வீட்டுக்காரர் துண்டால மூக்க மூடிக்கினு தெருவுல போயி நின்னுட்டாரு. இது அதேதானா பாத்து சொல்லுங்கன்னா, எல்லா சென்ட்டும் ஒண்ணுதாண்டின்றாரு. முப்பது வருஷம் சாம்பார் சாப்புட்டு நேத்து ரசமா சாம்பாரான்னு கேக்கற மனுஷன், அவர்கிட்ட போயி கேட்டேன் பாரு.

சரி, சேலைய எடு. மேல்தட்டுதான? இப்படிக் குடு. நீ மூக்கப் பொத்திக்கோ, தப்பா நெனைக்க மாட்டேன். ஆடி வெள்ளிக்கு உன் மாமியார புதுச் சேல வெக்கச் சொல்லிட்டுத்தான் போவேன், அத நீ கட்டிக்கோ. அதுல உன் வாசன வரட்டும்.

இல்ல, அழல. அழுவறதுக்கு வந்தா கர்ச்சீப் எடுத்துக்கினு வருவேன்.

அந்தக் கொரோனா ஜுரம் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாதான் வந்துச்சு. இந்த வீட்லதான் நான் அவளுக்குக் கஞ்சி வெச்சிக் குடுத்தேன், அவ எனக்கு வெச்சிக் குடுத்தா. ஒரே ஆஸ்பத்திரிதான் சேத்தாங்க. நான் வீட்டுக்கு வந்தேன். அவளும் வரல, என் மூக்கும் வரல. கொஞ்ச நாள்ல திரும்பிடும்னாரு டாக்டர். எங்க? பால் தீயறது தெரியல. மல்லிப்பூ வெச்சா தலையில கனம்தான் தெரியுது.

எங்க வீட்டுக்காரருக்கு அது வெறும் சென்ட்டு. மாப்ளையக் கேட்டா தறிக்குப் போயிடறாரு. அந்த வாசனையில ஒரு ஆளப் பாத்தது நீ ஒருத்திதான். தப்பான ஆளதான் பாத்த, இருந்தாலும் பாத்த இல்ல?

இந்த மடிப்பப் பிரிக்கிறேன் இரு. தோள் பக்கம், கறுப்பா இருக்குது பாரு, இங்கதான். கொமட்டுனா கொமட்டட்டும், ஒரே ஒரு தடவ மோந்து பாத்துட்டு எப்படி இருக்குதுன்னு சொல்லும்மா. டப்பாவுல போட்டிருக்கற மாதிரி வேணாம். உனக்கு வாயில வர்ற மாதிரி சொல்லு.

அம்சா.

மெதுவா சொல்லு, பரவால்ல. இன்னும் இருக்குதா அவ?