எல்க் இறைச்சிக்கு அடியில் இருந்த துப்பாக்கி

என் பெயர் மார்லிஸ் டுவைட். வயது 46. கணவர் பெயர் லைல். மொன்டானா மாநிலம், பழைய ஆலைச் சாலையில் குடியிருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை.

வியாழக்கிழமை மாலை என் கணவர் தன் ரைபிளின் குழல் ஆடாமல் உட்கார வேண்டும் என்பதற்காக, விசையையும் குண்டேற்றும் போல்ட்டையும் கழற்றி வைத்துவிட்டு, துப்பாக்கியின் மரக்கட்டைப் பிடியிலுள்ள பள்ளத்தில் எபாக்சி பசை ஊற்றி இரும்புப் பாகத்தை அதில் பதித்தார். பதிக்குமுன் இரும்பில் ஷூ பாலிஷ் தடவ வேண்டும். இல்லாவிட்டால் பசை அதையும் பிடித்துக்கொள்ளும். அவர் தடவ மறந்துவிட்டார். மறுநாள் கட்டையும் இரும்பும் பிரியவில்லை. குளிரில் சுருங்கி விட்டுக்கொடுக்கும் என்று ஃப்ரீசரில் வைத்தார். "யார்கிட்டயும் மூச்சு விடாத. முக்கியமா அந்த ஹாகன் காதுக்குப் போகவே கூடாது" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன். துணை ஷெரீஃப் ஹாகன் போன குளிர்காலத்தில் இதே தவறைச் செய்து, துப்பாக்கியை எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தவர். அன்றிலிருந்து மதுக்கடையில் என் கணவர் அவரைப் "பசைக்காரன்" என்றுதான் கூப்பிட்டு வந்தார்.

வேட்டைக் காலம் தொடங்கிய சனிக்கிழமை காலை, பக்கத்துப் பண்ணைக்காரர் ஓரின் பாஸ் என்பவர் தன் பிக்கப் வண்டியில் ஏறும்போது ஒரு குண்டு கதவைத் துளைத்தது. அவருக்குக் காயம் இல்லை. வேலித் தகராறில் என் கணவர் அவரிடம், "இன்னொரு தடவ இந்தப் பக்கம் வந்தா ஒன் வண்டி சல்லடையாயிடும்" என்று பலர் முன்னால் சொல்லியிருந்தது உண்மை. அதன் பேரில் ஷெரீஃப் அலுவலகக் காவலர்கள் என் கணவரை அழைத்துப் போனார்கள். ரைபிளைப் பற்றிக் கேட்டதற்கு, "அது இப்ப சுடாது" என்பதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை.

அன்று மதியமே ஹாகன் எங்கள் வீட்டைச் சோதனையிட்டு, ஃப்ரீசரில் எல்க் மான் இறைச்சிப் பொட்டலங்களுக்கு அடியிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். "என்ன டீச்சர், ஒளிச்சு வைக்க வேற எடமே கெடைக்கலையா?" என்றார். கொலை முயற்சி வழக்காகும் என்றும் சொன்னார். ஃப்ரீசர் மூடியைச் சாத்தினேன். என் கணவருக்குக் கொடுத்த வாக்கை நினைத்தேன். பிறகு, "பசைய நல்லாப் பாருங்க" என்றேன்.

அவர் துப்பாக்கியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விசை மாட்டும் இடத்தையே பசை வழிந்து அடைத்திருந்தது. அப்படி இறுக ஒரு முழு நாள் ஆகும், அன்று காலை அது சுட்டிருக்க முடியாது என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அந்த லைலே பாலிஷ் தடவ மறந்துட்டானா?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முகம் நனைந்திருந்தது. அதன் பிறகு அவர் ரப்பர் சுத்தியல் கேட்டு வாங்கித் தட்டினார். டக்கென்று இரண்டும் பிரிந்தன.

மாலையில் என் கணவரை விட்டார்கள்; அழைத்துவர நானும் போயிருந்தேன். "வாய்யா, பசைக்காரா" என்று ஹாகன் லாக்கப் கதவைத் திறந்தார். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "கட்டையில விரிசல் விழலையே?" என்று கேட்டார். "இல்ல. வா, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

ஓரின் வண்டியில் சுட்டது யார் என்று எனக்குத் தெரியாது. மேலே உள்ளது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. யாரிடமும் சொல்லாதே என்று என் கணவர் கேட்டுக்கொண்ட பகுதியையும் சேர்த்து, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) மார்லிஸ் டுவைட்