தொடர்பு விட்டுப்போனவர்கள்

எனக்கு மனிதர்களோடு போனில் பேசப் பிடிக்கும். நேரில் என்றால் முகத்தைப் பார்க்க வேண்டும், உட்காரச் சொல்ல வேண்டும். போனில் அந்தத் தொல்லை இல்லை. நான்கு வருடம் முன்பு மூட்டுவலி மாத்திரை ஆய்வுக்கு ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தபோது, இது எனக்கென்றே செய்த வேலை என்று தோன்றியது. நடந்ததை எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு என் ஒருவனுக்காக நாள் முழுக்க நாற்காலி தேய்க்கிறது. அரைகுறையாக எழுதினால் மரியாதையாக இருக்காது.

வேலை எளிது. எங்கள் மையத்தில் நூற்று இருபது பேர் அந்தப் புது மாத்திரையைச் சாப்பிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து இரத்தம் கொடுத்துவிட்டு, அடுத்த இரண்டு மாதத்துக்கு மாத்திரை வாங்கிப் போவார்கள். இடையில் நான் போன் செய்து நலம் விசாரிப்பேன். யாருக்காவது கோளாறு என்று எனக்குத் தெரிந்தால், ஒரே நாளில் மேலே தெரிவிக்க வேண்டும். ‘தெரிந்தால்’ என்ற சொல்லை விதி எழுதியவர்கள்தான் போட்டிருக்கிறார்கள், நான் போடவில்லை.

நான்கு பேருக்கு ஈரல் கெட்டால் ஆய்வையே மூட்டை கட்ட வேண்டும் என்பதும் விதி. மற்ற ஊர்களில் சேர்த்து மூன்று ஆகிவிட்டது. எங்கள் பேராசிரியர் அப்போது ஆய்வுக் கட்டுரையை எழுத ஆரம்பித்திருந்தார். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் பத்தியில் பதினாறாவது பெயர் என்னுடையது. பொடி எழுத்துதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் பெயரும் கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெதிலும் அச்சேறியதில்லை. அந்தப் பக்கத்தை நான் வீட்டில் கண்ணாடி போட்டு மாட்ட இடம் பார்த்து வைத்திருந்தேன்.

இதில் இன்னொரு விதியும் உண்டு. ஒருவரை மூன்று வெவ்வேறு நாளில் அழைத்தும் அவர் எடுக்காவிட்டால், ஒரு கடிதம் போட்டுவிட்டு, ‘தொடர்பு விட்டுப்போனவர்’ என்று படிவத்தில் எழுதலாம். அப்படிப்பட்டவர்கள் நல்லதிலும் சேர மாட்டார்கள், கெட்டதிலும் சேர மாட்டார்கள். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு என்று பாருங்கள்.

ஈரல் கெடுகிறவர்களைக் கண்டுபிடிக்க இரத்தம் எடுக்கத் தேவையில்லை. வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே கையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். பசியே இல்லை என்பார்கள். அவர்களிடம் நான் தனியாகப் போய், கனிவாக, “இன்னைக்கு ரொம்பக் கூட்டம். ரத்தம் அப்புறம் எடுத்துக்கலாம். நானே போன் பண்ணி தேதி சொல்றேன், அதுவரைக்கும் அலையாதீங்க” என்பேன். மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

பிறகு போன் செய்தேன். ஒழுங்காக மூன்று முறை செய்தேன். யாராவது திருப்பி அழைத்தால் எடுக்கவில்லை, எடுக்க வேண்டும் என்று விதியில் இல்லை. ஒவ்வொருவர் வேலை நேரத்தையும் முன்பே விசாரித்துக் குறித்து வைத்திருந்தேன். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் அம்மா, போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். அவரைக் காலை பத்து மணிக்கு அழைத்தேன். இரவுக் காவலாளியை அவர் அசந்து தூங்கும் பகல் பதினோரு மணிக்கு அழைத்தேன். பள்ளி ஆசிரியரைப் பரீட்சை நடக்கும்போது அழைத்தேன். என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுப் பேராசிரியர், “இந்த அளவுக்கு நோயாளிங்க மேல அக்கறை உள்ள ஆளை நான் பார்த்ததில்லை” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

இப்படிப் பதினோரு பேர். பதினோராவது ஆள் என் அத்தான், அக்காவின் கணவர். பஸ் ஓட்டுநர். இருபது வருடம் கிளட்ச் மிதித்து இடது முழங்கால் போயிருந்தது. ஆய்வுக்கு ஆள் குறைந்தபோது நான்தான் அவரைக் கூட்டிவந்து சேர்த்தேன். வலி குறைந்தது என்று என்னை வாயாரப் புகழ்ந்தார். ஆறாவது மாதம் வரிசையில் உட்கார்ந்து கையைச் சொறிந்தார். உறவு என்பதற்காக விதியை வளைப்பவன் இல்லை நான். அவரையும் மற்றவர்களைப் போலவே நடத்தினேன். வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார் என்பதால் காலை எட்டேகாலுக்கு அழைத்தேன்.

மூன்றாவது அழைப்பு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அக்கா எனக்குப் போன் செய்தாள். அத்தானுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கிறது, இரண்டு வாய் சாப்பிட்டால் குமட்டுகிறது என்றாள். அந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள்.

“அதை நான் சொல்லக் கூடாதுக்கா. கண்ணுதானே மஞ்சளா இருக்கு, கண் டாக்டர்கிட்ட காட்டு” என்றேன்.

கண் டாக்டர் ஒன்பது நாள் கழித்துத்தான் நேரம் கொடுத்தார். பார்த்தவுடனேயே பதறி, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். அந்த ஒன்பது நாளும் அத்தான் ஒரு வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். நான் கொடுத்தது என்பதால் அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை. மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் இருந்தார். பதின்மூன்றாம் நாள் இல்லை.

உடலைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். எல்லாம் முடிந்தபின் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மாத்திரை இப்படிச் செய்யும் என்று உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டாள். எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை என்றேன்.

“நான்தானேடா சொன்னேன்” என்றாள்.

நீ அக்காவாகச் சொன்னாய், நோயாளி தரப்பிலிருந்து முறைப்படி வரவில்லை என்று விளக்கினேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஏறாது. மறுநாள் அவள்தான் உங்களுக்கு எழுதியிருக்கிறாள்.

மற்ற பத்துப் பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள்தான் தொடர்பு விட்டுப்போய்விட்டார்களே.

கடைசியாக, தொலைபேசி நிறுவனத்திடமிருந்து நீங்கள் வாங்கி வைத்திருக்கும் அந்தத் தாளைப் பற்றி. வியாழக்கிழமை அழைப்பு பத்தொன்பது விநாடி ஓடியிருப்பதாக அதில் இருக்கிறது. படிவத்தில் ‘எடுக்கவில்லை’ என்று இருக்கிறது. இரண்டும் எப்படிச் சரியாகும் என்கிறீர்கள். ஆகாது. அன்றைக்கு வழியில் பஸ் பஞ்சராகி நின்றிருந்தது. இரண்டாவது மணியிலேயே அத்தான் எடுத்துவிட்டார்.

“மாப்ள, நல்ல நேரத்துல கூப்பிட்டே. ரெண்டு நாளா கண்ணு மஞ்சளா இருக்கு, ஒண்ணுக்கும் மஞ்சளா போகுது. பயமா இருக்குடா. மாத்திரையை நிறுத்திரட்டுமா?” என்றார்.

முழுவதையும் கேட்டேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. பிறகு போனை வைத்துவிட்டேன். அத்தான் சிக்னலைத் திட்டியிருக்கிறார். லைன் கட் ஆகிவிட்டது, நீயாவது தம்பிக்குச் சொல் என்றாராம். அதனால்தான் அக்கா ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்தாள்.

ஆகவே, ஒப்புக்கொள்கிறேன். நான்கு வருடத்தில், அத்தனை படிவங்களில், நான் எழுதிய ஒரே பொய் அது. ஒரே ஒரு சொல். அதற்குப் போய் என்னைக் கொலைகாரன் என்கிறாள் அக்கா.