கனடாவுக்கு எத்தனை பேர்

போன் அங்கனயே இருக்கட்டும் டீச்சர், அந்தம்மாவே கூப்பிடும். நீங்க காப்பியக் குடிங்க. கனடாவுல இப்பத்தான விடிஞ்சிருக்கும், ஆபீஸ் திறக்கணும்லா.

ஏஜென்ட்டா? ஐயோ, அவனுவள எல்லாம் பாத்தாச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தன், என்ன கேட்டாலும் ஆயிரும் அண்ணாச்சிம்பான். ஒரு மண்ணும் ஆவல. சவத்த விடுங்க. இது முறையா லைசென்ஸ் வாங்கி விசா வேல பாக்குத அம்மா. ரஷ்ய பாஷ பேசுதவங்களுக்குன்னே பாக்குதாம். எங்க மருமவ தமாராவுக்கு அக்கா அங்கன இருக்கால்லா, அவதான் பிடிச்சுக் குடுத்தா. அந்தம்மா மருமவகிட்ட ரஷ்ய பாஷ பேசும், என்கிட்ட இங்கிலீசு. எனக்கு எங்க இங்கிலீசு? போன தடவ மருந்துக்கடை வேல்சாமி வந்து பேசிக் குடுத்தான். மறுநாளே சங்கரன்கோவில் பூரா தெரிஞ்சு போச்சு. அதான் சர்ச்சுல வச்சு உங்களக் கேட்டேன்.

ஆமா, கிர்கிஸ்தான்ல டாக்டருக்குப் படிக்கப் போன இடத்துல என் மவன் ஜெபஸ்டின் கட்டிக்கிட்டு வந்த பிள்ள. போன வருசம் ராஜபாளையம் ரோட்டுல லாரிக்காரன் அவனக் கொண்டு போயிட்டான். அடக்கத்துக்கு நீங்களும் வந்தீங்கல்லா? அன்னைக்கு அவன் போட்டோ முன்னால கிளாசுல தண்ணி ஊத்தி, மேல ஒரு ரொட்டித் துண்ட வச்சா. என்னடா கூத்துன்னு சொந்தக்காரங்க மொறச்சாங்க. எனக்கும் புரியல. இந்தம்மாதான் போன தடவ சொல்லிச்சு, செத்தவங்களுக்கு அவங்க ஊருல அப்படித்தான் வைப்பாங்களாம். பாத்துக்கிடுங்க, ஒரே வீட்டுல ஆளுக்கொரு மூலையில உக்காந்து அழுதிருக்கோம். சேந்து அழக்கூட பாஷ இல்ல டீச்சர்.

இன்னைக்கு ஒரே விசயந்தான். கனடாவுக்கு ஒரு ஆளா, ரெண்டு ஆளா? தமாரா ஒரு ஆளுன்னுட்டா. பேத்தி பிளஸ்ஸிய என்கிட்ட விட்டுட்டுப் போறாளாம். மாமாவுக்குப் பெண்டாட்டியும் இல்ல, மவனும் இல்ல, பேத்தியும் போயிட்டா என்ன ஆவாருன்னு நெனச்சிருக்கா. பெத்தவ, எப்படித்தான் மனசு வந்துதோ. ஆனா அந்தம்மா, தாத்தாகிட்ட கேக்காம ஒரு ஆளுன்னு எழுத மாட்டேன்னு சொல்லிட்டுது. எனக்கே ஆச்சரியமாப் போச்சு.

என் தம்பியும் இதத்தான் சொல்லுதான் டீச்சர். நம்ம ரத்தம், விட்டுராதண்ணேங்கான். ஆச இல்லாமலா? கடைய அடச்சுட்டு வந்தா, தாத்தான்னு ஓடி வந்து கால கட்டிக்கிடும். அதுக்காவத்தான் நான் வீட்டுக்கே வாரேன். இல்லேன்னா பெயிண்டு டப்பாவோட அங்கனயே கெடந்துருவேன்.

ஆனா அன்னைக்குப் போன்ல பேசும்போது பிள்ள அம்ம மடியில உக்காந்து ரஷ்ய பாஷயில படபடன்னு என்னமோ சொல்லுது. அந்தம்மா சிரிக்கி, தமாரா சிரிக்கா. அவன் போனதுக்கப்புறம் அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். பிள்ள அவ வாயையே பாத்துக்கிட்டு இருக்கு.

இந்தா, போன் அடிக்கி. எடுங்க, எடுங்க. தமாரா உள்ள பிள்ளைக்குத் தல சீவுதா, வந்துருவா. அதுக்குள்ள சொல்லிருங்க டீச்சர். ரெண்டு ஆளுன்னு சொல்லுங்க.

என்ன பாக்குதீங்க? ஒண்ணு, ரெண்டு சொல்ல எனக்கும் இங்கிலீசு தெரியும். நான் வாயத் தொறந்தா ஒண்ணுன்னுதான் வரும். அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்.