உப்புப் போட்ட மெழுகுவர்த்தி

மெழுகுவர்த்தியை நான் கடையில் வாங்குவதில்லை. ஆட்டுக் கொழுப்பை உருக்கி வீட்டிலேயே வார்த்துக்கொள்வேன். கடைச் சரக்கு பளிச்சென்று எரியும், ஆனால் எவ்வளவு நேரம் எரியும் என்று சொல்ல முடியாது. பெண்ணைப் பெற்றவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். சனிக்கிழமை மாலை பையன் பெண்ணைப் பார்க்க வந்தால், முன்னறையில் இருவரையும் உட்காரவைத்து, மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு நாம் உள்ளே போய்விடுவோம். அது எரிகிறவரை அவன் இருக்கலாம். அணைந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பிடிக்காத பையனுக்குக் கட்டைவிரல் அளவு துண்டு. பிடித்தவனுக்கு நீளமானது. யாரும் வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மின்விளக்கு வந்ததும் எங்கள் தெருவில் மற்றவர்கள் இந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை.

தேயுனிஸுக்கு நான் நீளமான மெழுகுவர்த்திதான் கொடுத்தேன். அவனை எனக்குப் பிடிக்காது என்று ஊரில் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை, வெளுத்த சட்டை, சுத்தமான நகம். என் ஒரே மகள் லிஸ்பெட்டுக்கு வேறென்ன வேண்டும்? அவள் அப்பா இறந்த பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அவன் வந்த சனிக்கிழமைகளில்தான்.

"ஆன்ட்டி, போன வாரத்துக்கு இந்த வாரம் ஒரு விரக்கடை கம்மியா இருக்கே. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"பூட்ஸத் தொடைக்காம உள்ள வந்த."

"அப்ப அடுத்த வாரம் வெறுங்காலோட வரேன்."

"வெறுங்காலோட வந்தா ஜன்னலுக்கு வெளியவே நின்னு பேசிட்டுப் போ."

லிஸ்பெட் சிரித்துச் சிரித்து இருமுவாள். அவன் திரியைச் சுற்றி உப்பைத் தூவுவதும் எனக்குத் தெரியும். உப்புப் போட்டால் மெதுவாக எரியும். காலையில் மேசையைத் துடைக்கும்போது துணியில் நறநறவென்று படும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். காதலிப்பவர்களுக்கு அந்த அளவு கள்ளத்தனம் இருந்தால்தான் அழகு.

நாற்பத்தெட்டில் எங்கள் கட்சி தென்னாப்பிரிக்காவில் ஆட்சிக்கு வந்தபோது நான் மகளிர் சங்கத்துக்காக இரண்டு அடுப்பு நிறைய ரஸ்க் சுட்டேன். அடுத்த வருடமே வெள்ளையரும் மற்றவர்களும் கலந்து கல்யாணம் செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது. பிறகு நாட்டில் ஒவ்வொருவரும் எந்த இனம் என்று பதிந்துவைக்கும் சட்டம். எனக்கு அதில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. கரண்டிகளை ஒரு இழுப்பறையிலும் கத்திகளை ஒரு இழுப்பறையிலும் வைக்கிறோம். அதற்காகக் கரண்டியின்மேல் யாருக்கும் கோபம் என்று அர்த்தமில்லை.

எங்கள் வீட்டுக்குத் திங்கள்கிழமைதோறும் கத்ரைன் என்றொருத்தி துணி துவைக்க வருவாள். மலைக்கு அந்தப் பக்கம், மிஷன் கிராமத்துக்காரி. கலப்பினம். கஞ்சி போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. லிஸ்பெட் குழந்தையாக இருந்தபோது துணிக் கூடைக்குள் உட்காரவைத்து ஆட்டுவாள். நான் கண்டித்தேன், பிறகு ஆட்டவில்லை. எந்த நாளும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. அவள் இறந்தபோது நான் ஒரு நல்ல போர்வை அனுப்பிவைத்தேன்.

ஒரு சனிக்கிழமை நான் அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மெழுகுவர்த்தி அணைந்திருக்க வேண்டிய நேரம். உப்பினால் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்த உபரி நேரத்தில்தான் தேயுனிஸ் அதைச் சொன்னான்; அடுக்களைவரை கேட்டது. உப்புப் போடாமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான், இத்தனையும் நடந்திருக்காது.

"நான் ஒண்ணு சொன்னா நீ என்ன வெளிய அனுப்பிரக் கூடாது," என்றான். "எங்க அம்மா மிஷன் கிராமத்து ஆளு. பேப்பர்ல நான் வெள்ளைக்காரன். அவ்வளவுதான்."

லிஸ்பெட், "இத ஏன் எங்கிட்ட சொல்ற?" என்றாள்.

"உனக்குத் தெரியாம உன்னக் கட்டிக்க முடியாது. அதோட, உங்க அம்மா என்னப் புரிஞ்சுக்குவாங்க. உங்களுக்குத் துணி தொவைச்ச கத்ரைன் எங்க பெரியம்மா வீட்டுக்கு அடுத்த வீடு. அவங்க பொண்ணு பதினாறு வயசுல கிராமத்த விட்டுப் போயி, ரயில்வே ஊருல ரூட்டுன்னு ஒருத்தரக் கட்டிக்கிட்டாங்க."

ரூட் என்பது என் கணவர் பெயர்.

ஆம், கத்ரைன் என் அம்மா. இதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று வந்து நின்றாள். துணி துவைக்க வந்தால் பார்க்கலாம் என்றேன். அவளும் ஒத்துக்கொண்டாள். வருடக்கணக்கில் பார்த்தாள். எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது?

அந்த வாரம் இனப்பதிவு அதிகாரி திரு. பிரின்ஸ்லூ ஊருக்கு வந்திருந்தார். போதகர் வீட்டில் அவருக்குக் காபி ஊற்றியது நான்தான்.

"டிக்கெட் குடுக்கற பையன் நல்ல பையன்," என்றேன். "அவங்க அம்மா எந்த ஊருன்னுதான் யாருக்கும் தெரியல."

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அவர் நிலையத்துக்குப் போய், தேயுனிஸின் தலைமுடியில் ஒரு பென்சிலைச் செருகி, குனியச் சொல்லியிருக்கிறார். பென்சில் விழவில்லை; சுருட்டை முடியில் அது நின்றுவிட்டால் வெள்ளையன் இல்லை என்பது அவர்கள் கணக்கு. மாதக் கடைசியில் அவன் கலப்பினம் என்று தீர்மானமானது. அந்த வேலை வெள்ளையருக்கானது என்பதால் வேலை போனது. இந்தத் தெருவில் குடியிருக்க முடியாது என்பதால் கேப் டவுனுக்குப் போனான். ஒரு சொல்லில் என் மகளை ஒரு சட்டவிரோதக் கல்யாணத்திலிருந்து காப்பாற்றினேன். அவன் யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. நல்ல பையன் என்று நான் சொன்னது பொய்யில்லை.

லிஸ்பெட் அழவில்லை. என்னோடு பேசுவதையும் நிறுத்தவில்லை. ஒருநாள் ரஸ்க்கைக் காபியில் தோய்த்துக்கொண்டே சொன்னாள்:

"என்னையும் கலப்பினம்னு மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கேன்."

"காரணம் என்ன சொன்ன?"

"அம்மா வழின்னு மட்டும் சொன்னேன். பேரு சொல்லல. உன்னக் கூப்பிடுவாங்க. நீ வந்து சொல்லும்மா. சொன்னா நான் அவனக் கட்டிக்கலாம்."

"சொன்னா எனக்கு இந்த வீடு இல்ல. கோயில்ல என் பெஞ்சு இல்ல."

"தெரியும். எங்களோட வந்து இரு. தேயுனிஸும் அதத்தான் சொல்றான்."

"நான் காபி குடுத்த கதை அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

விசாரணைக்கு நான் நீலக் கவுன் போட்டுக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். திரு. பிரின்ஸ்லூ என்னைப் பார்த்து எழுந்து நின்று வணங்கினார். லிஸ்பெட் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா வழியில் கலப்பு என்பது பொய் என்று நான் சொன்னால் அவளுக்குக் கல்யாணம் இல்லை. உண்மை என்றால் எனக்கு ஒன்றும் இல்லை. வழியெல்லாம் யோசித்ததில், இரண்டு பேருக்கும் பொருந்துகிற ஒரு பதில் கிடைத்திருந்தது.

"இவ எனக்குப் பொறந்தவ இல்ல," என்றேன். "எங்க வீட்டுல துணி தொவைச்ச கத்ரைனோட கொழந்த. எங்களுக்குப் பிள்ளை இல்லாததால எடுத்து வளத்தோம்."

கத்ரைனுக்கு அப்போது என்ன வயதிருக்கும், அந்த வயதில் குழந்தையா என்று ஒருவர் கேட்டார். அவர்களுக்கு எந்த வயதிலும் பிறக்கும் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். மூவரும் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்தேன். ஒரு கலப்பினக் குழந்தையை இத்தனை வருடம் வெள்ளைக் குழந்தையாகக் காட்டியதற்காக என்னைக் கொஞ்சம் கண்டித்துவிட்டு, என் இரக்க குணத்தைப் பாராட்டினார்கள்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று லிஸ்பெட்டைக் கேட்டார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"அவங்க சொல்றது சரிதான்," என்றாள். "எங்க அம்மா பேரு கத்ரைன்."

அன்று சாயங்காலமே கேப் டவுன் ரயிலில் போய்விட்டாள். கல்யாணம் நடந்ததென்று கேள்விப்பட்டேன். நான் சொன்ன அந்த ஒரு பதிலில் என் அம்மாவுக்கு ஒரு மகளும், என் மகளுக்கு ஒரு கணவனும் கிடைத்தார்கள். இந்த வீடும் கோயிலில் என் இடமும் அப்படியே இருக்கின்றன. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அன்று விசாரணை முடிந்து அலுவலகத்தை விட்டு வெளியே வரும்போது லிஸ்பெட்தான் எனக்குக் கதவைத் திறந்து பிடித்தாள். தலையைக் குனிந்து, "ரொம்ப நன்றிங்க மேடம்," என்றாள். எவ்வளவு பணிவான பெண் என்று திரு. பிரின்ஸ்லூகூடச் சொன்னார். வளர்த்தவள் என்ற முறையில் எனக்குப் பெருமையாக இருந்தது. பெற்றவளாக இருந்திருந்தால் இன்னும் பெருமையாக இருந்திருக்கும்.