நாம கீழ எறங்கிட்டோம்

சாவி எங்கயும் ஓடிப்போயிராதுங்கக்கா! இதா, என்ற முந்தானையிலதான முடிஞ்சிருக்கறேன்? தர மாட்டேன்னா சொன்னேன்? மொதல்ல உக்காருங்க. நொம்ப மூச்சு வாங்குது உங்களுக்கு. அந்த மூட்டையத் தள்ளிப்போட்டு உக்காருங்க, உள்ள பூராவும் டம்ளருதான், ஒடையாது. ஊட்டுச் சொந்தக்காரி கண்ணம்மாக்கா சொன்னாங்க... சேலத்துல இருந்து போஸ்டாபீசுக்கு மாத்தலாகி வர்றாங்க, இன்னைக்கே குடிவந்துருவாங்கன்னு. வாங்க வாங்க. நான் இன்பமேரிங்க. இந்த ஊட்டுல குடியிருந்தவ. ம்... இருக்கறவ. அதத்தானுங்க உங்ககிட்டப் பேசோணும்.

எல்லாம் அந்தப் பந்தால வந்ததுங்க.

எந்தப் பந்தா? காலால ஒதைக்கிற பந்துதானுங்க! என்ற ஊட்டுக்காரரு மரியஅந்தோணி இந்த மலையில மஞ்சக்குட்டை ஊருக்கு ஜீப்பு ஓட்டறாருங்க. தங்கமான மனுசன். குடி கெடையாது, சீட்டு கெடையாது. பந்து ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துல டீமுல இருந்தவராமா. ‘நான் பேக்கு, ஆறு வருசமா பேக்கு’ன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு சொல்லுவாரு. பொண்ணு பாக்க வந்தப்பவும் அதையேதான் சொன்னாரு. நான் சிரிச்சுப்போட்டேன். பேக்குன்னா பின்னாடி நின்னு பந்தைத் தடுக்கறவனாமா... எனக்கெப்படிங்க தெரியும்? இப்பவும் தண்ணிக்கொடம் தூக்கச் சொன்னா பின்னாடிதான் நிக்கறாரு.

காப்பி போடறேன் இருங்க. சக்கரை எந்த மூட்டையில கட்டுனனோ... சரி, வெல்லம் போட்டுக்கலாம்.

அது என்னன்னா, நாடு பூராவுக்கும் சேத்து ஒரு லீக்கு ஆரம்பிச்சிருக்கறாங்களாமுங்க. கோவாக்காரன், கல்கத்தாக்காரன், கேரளாக்காரன், பஞ்சாப்புக்காரன்... எல்லாரும் ஊர் ஊரா ரயிலேறிப் போயி ஒதைச்சுக்கிறது. ஒதைக்கறதுக்கு மாசச் சம்பளம் வேற! அதுல மெட்ராஸ் டீமு ஒண்ணு. அதுதான் இவருக்கு உசுரு. மெட்ராஸக் கண்ணுல கண்டதில்லீங்க இவரு! கல்யாணம் ஆகி எட்டு வருசத்துல என்னைய மேட்டூருக்குக் கூட்டிப்போனதே ஒரு தடவைதான்.

டீக்கடை சித்தன் அண்ணன்கிட்ட டிவி இருக்குதுங்க. ஆட்டம் காட்டற அன்னைக்கி ஜீப்ப ஓரங்கட்டிப்போட்டு இவரு சில்வரோக்கு மரத்துல ஏறி ஏரியலப் புடிச்சுக்குவாரு. பனி எறங்குச்சுன்னா டிவிக்குள்ளயும் பனிதான். கீழ இருந்து சித்தன் அண்ணன் ‘கோலு! கோலு!’ன்னு கத்துவாரு. மேல இருந்து இவரு ‘யாருக்கு? யாருக்கு?’ம்பாரு. பாதி நேரம் எதுத்த டீமுக்காத்தான் இருக்கும். மெட்ராஸ் கோல்கீப்பருக்கு முட்டி வலின்னு பேப்பர்ல போட்டிருந்தான்னு மாதா கெபியில மெழுகுவத்தி ஏத்திப்போட்டு வந்தாருங்க! ஏனுங்க, எனக்கு ஒரு வருசமா முட்டி வலிக்குதேன்னேன். ‘நீ என்ன பாய்ஞ்சா புடிக்கப்போற?’ன்னு கேக்கறாரு. நீங்களே சொல்லுங்க, இதெல்லாம் ஒரு பேச்சா?

ஆ... விசயத்துக்கு வர்றேன். இவரு பேச்சுல ‘அவங்க’ங்கிறதே கெடையாதுங்க. எல்லாமே ‘நாம’. நாம நேத்து தோத்துட்டோம், நாம கோவாவுல நல்லா ஆடலை, நமக்கு முன்னாடி ஆடறவன் சரியில்லை... அங்கதானுங்க எனக்கு வந்துச்சு கேடு.

போன மாசம் பாப்பா துணியத் தூக்கிக்கிட்டு டீக்கடை அடுப்புல காய வெக்கப் போனேன். உள்ள இவரு சித்தன் அண்ணன்கிட்டச் சொல்லிக்கிட்டிருக்கறாரு. ‘இந்த வருசம் நாம தாக்குப் புடிக்கிறது கஷ்டமுங்க. இன்னும் நாலு பாயிண்டாச்சும் வேணும். இல்லாட்டி நாம கீழ எறங்க வேண்டியதுதான்.’ அண்ணனும் ‘ஆமாப்பா, எறங்குனா மறுபடி மேல ஏறுறது லேசில்லை’ங்கறாரு.

நீங்க கீழ இருந்து வர்றவங்க. மலை மேல இருக்கற எங்களுக்குக் ‘கீழ’ன்னா ஒண்ணேதானுங்க... சேலம்! கீழ போயிட்டு வந்தேன், கீழ பொண்ணெடுத்தேன், கீழ ஆசுபத்திரின்னுதான் இங்க எல்லாரும் பேசுவாங்க. பாயிண்டுன்னா ஜீப்பு நிக்கிற எடம். அப்ப நான் என்ன நெனைப்பேன்? ஜீப்பு போற எடமெல்லாம் கொறஞ்சுபோச்சாட்டம் இருக்குது, பொழப்புக்கு சேலத்துக்குப் போறோம்னு நெனச்சுப்போட்டேன்.

அவரைக் கேட்டிருக்கலாம். கேட்டிருக்கலாமுங்க! மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே இருந்தாரு. பாவம், எப்படிச் சொல்றதுன்னு தவிக்கறாரு, நாமளே எல்லாத்தையும் முடிச்சு வெச்சுருவோம், ஒரு பாரம் கொறையும்னு பாத்தேன். எனக்கு சந்தோசந்தானுங்க! ஆறு மாசமா இந்த மூட்டத்துல பாப்பாவுக்கு ஒரு துணி காயலை. சேலத்து வெயில்ல துணி காயற மாதிரி கனாக்கூட வந்துச்சு. மூத்தவ பிலோமினா படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போயி டீசி கேட்டுட்டேன். பால் குடுக்கற வெள்ளாட்டக் கொட்டச்சேடு ஊரு மல்லிகாவுக்குக் குடுத்துட்டேன். கண்ணம்மாக்காகிட்டப் போயி, ‘அக்கா, நாங்க கீழ போறோம், ஊட்டை வேற ஆளுக்கு உடுங்க’ன்னுட்டேன். ஒண்ணு உடலை! எல்லாத்தையும் அவ்வளவு பொறுப்பா செஞ்சு முடிச்சேனுங்க.

இன்னைக்கி காலைல பேப்பரை மடியில வெச்சுக்கிட்டு செலையாட்டம் உக்காந்திருந்தாரு. ‘ஏனுங்க, கீழ எறங்கறமே, எந்தத் தேதிக்குங்க?’ன்னு பதமாக் கேட்டேன். ‘எறங்கியாச்சு மேரி. பேப்பர்லயே போட்டுட்டான்’னாரு. பேப்பர்லயா? நாம சேலம் போறதையா? புடுங்கிப் பாத்தா வரிசையா டீமு பேரு. கடைசி ரெண்டு பேருக்கு மேல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழ மெட்ராஸ்! கடைசியா வந்த ரெண்டு டீமையும் கீழ் லீக்குக்கு எறக்கி உட்டுருவாங்களாமுங்க. அதுக்குப் பேருதான் எறங்கறதாமா! அங்கயே உக்காந்து அழுதுட்டேன். ‘நீ எதுக்கு மேரி அழுவற?’ன்னு கேட்டாரு பாருங்க... எனக்கும் மெட்ராஸ் மேல பாசம் வந்துருச்சுன்னு நெனச்சு என்ற தலையத் தடவிக் குடுத்துப்போட்டு வண்டியெடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

சிரிக்காதீங்கக்கா... சரி, சிரிங்க.

மூட்டையெல்லாம் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. அவருக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. கண்ணம்மாக்காகிட்ட ஓடுனேன். ‘வாக்குக் குடுத்துட்டேன் மேரி, அந்தப் பொண்ணு சாமானே ஏத்திருச்சு. அறுவது படிக்குக் கீழ எங்க சின்ன ஊடு ஒண்ணு காலியா இருக்குது. ஆரு மேல, ஆரு கீழன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க’ன்னுட்டாங்க. அதுதானுங்க சாவிய முடிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன்.

அந்த ஊடு நொம்ப நல்ல ஊடுங்க! ஒரே அறைதான், பெருக்கறது சுளுவு. குழாய் மட்டும் இங்க மேல இருக்குது... அறுவது படிதான, கொடத்தோட ஏறி எறங்குனா ஒடம்புக்கு நல்லதுங்க. வெயில் பளீர்னு படும். நானா இருந்தா கண்ண மூடிக்கிட்டு ஒத்துக்குவேன்... என்னங்க அப்படிப் பாக்கறீங்க?

இருங்க, எந்திரிக்காதீங்க. அந்த சொட்டரைக் கழட்டாதப்ப தெரியலை... எத்தனை மாசமுங்க? ஏழா! ஏழு மாசத்தோட பஸ்ஸுல ஏறி வந்து, வயித்தைப் புடிச்சுக்கிட்டு என்ற கதையக் கேட்டுக்கிட்டிருக்கறீங்களா? நானும் வாய் ஓயாம... மாதாவே! இந்தாங்க காப்பி. காலை நீட்டிக்கங்க. உங்க ஊட்டுக்காரரு எங்கீங்க? சாமானோட ஜீப்புல பின்னாடி வர்றாரா? எந்த ஜீப்பு? பச்சைக் கலரா... முன்னாடி கண்ணாடியில ஒரு குட்டிப் பந்து தொங்குதா?

அடக் கடவுளே. அது எங்க ஜீப்புங்க!

இதா, ஹாரன் கேக்குது பாருங்க. ஆரு ஊட்டுக்குச் சாமான்னுகூடக் கேக்காம குப்பனூர் மலை ரோட்டு வழியா ஏத்திக்கிட்டு வந்திருக்கறாரு, என்ற மகராசன். வர்றாரு... பீரோவைத் தோள்ல வெச்சுக்கிட்டு, இங்கயும் உங்க ஊட்டுக்காரரை முன்னாடி உட்டுப்போட்டு இவரு பின்னாடி. தன் ஊட்டு வாசல்ல நின்னுக்கிட்டு அட்ரஸ் கேக்கறாரு!

சாவியப் புடிங்கக்கா. புடிங்கன்னா! உங்களுக்கில்லாத மேலயா?

ஏனுங்க, இங்கதானுங்க! அந்த பீரோவ இங்கயே எறக்குங்க. எறக்கிப்போட்டு, இந்த டம்ளர் மூட்டையத் தூக்குங்க, படி பாத்து நடங்க... எங்கயா? நீங்கதான காலைல சொன்னீங்க, பேப்பர்லயே போட்டுட்டான்னு? நாம கீழ எறங்கிட்டோமுங்க.