பளிச்சுன்னு ஆனா நீலமாகணுமாம்

"...அதான் சொல்றேன் சார், வானத்தப் பாக்கிறவனக் கட்டிக்கவே கூடாது! நட்சத்திரம்கூட இல்ல, குவாசராம். வாய இன்னும் தொறங்க... ஆங், அப்படியே இருங்க."

கோதண்டராமன் அப்படியே இருந்தார். பிரேசர் டவுன் பல் டாக்டர் ஆஞ்சலாவின் நாற்காலியில் சாய்ந்தபின் வேறு வழியில்லை. ஊசி போட்டதில் கன்னம் மரத்திருந்தது. வாய்க்குள் பஞ்சு வேறு.

"குவாசர்னா என்ன? எங்கயோ தூரத்துல ஒரு பெரிய கருந்துளை. அதச் சுத்தி விழற வாயு சூடாகிப் பளபளக்குது. அவ்ளோதான்! ஒரு நேரம் பளிச்சுங்கும், ஒரு நேரம் மங்கும். பளிச்சுன்னு ஆனா நீலமாகணுமாம், மங்கினா சிவக்கணுமாம். முக்கால்வாசி அப்படித்தானாம். எங்க வீட்டுக்காரரு க்ளென் பாக்கிறது மட்டும் எடக்கு புடிச்சது சார்! பளிச்சுன்னு ஆக ஆகச் சிவக்குது! வலிக்குதா? வலிக்காது."

வலிக்கவில்லை. காரணம் கேட்கத்தான் துடித்தார். "ஆ... ஏ..." என்றார்.

"ஏன்னுதானே? அதுலேர்ந்து ஒண்ணு பீச்சாங்குழல்ல அடிக்கிற மாதிரி நம்ம பக்கமாப் பீச்சுதாம். அந்த வெளிச்சம் சிவப்பு. அது ஏறினா நீலத்த அமுக்கிடும். இத மீட்டிங்ல சொன்னா, 'உங்க கேமராலதான் கோளாறு'ன்னுட்டாங்க! அன்னிலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காரு. நான்தான் சார், 'பயப்படாம சொல்லு'ன்னு தள்ளிவிட்டேன். இப்ப எல்லாம் என் தலையில! வேற ஊரு டெலஸ்கோப்புலயும் பாக்கச் சொல்லியிருக்காரு. அங்க பாத்தா ஒரே மேகம்! சர்ச்சுல பாதர் பிரசங்கம் பண்றாரு, இவரு போனத் தடவிட்டிருக்காரு. வீட்டுல பேச்சே கிடையாது. அவரு பேசலன்னா நான் யார்கிட்ட சார் பேசறது? உங்ககிட்டதானே! சரி, அடைச்சாச்சு. கடிங்க பாப்போம்."

கடித்தார். அப்போது டாக்டரின் போன் அடித்தது.

ஆஞ்சலா முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு கேட்டார். கோதண்டராமன் அவர் முகத்தையே பார்த்தார்.

"அங்கயுமா?... வேற கேமராலயா?... அய்யோ க்ளென், அழாதே, இதோ வர்றேன்!"

போன் பைக்குள் போனது.

"பஞ்ச நீங்களே எடுத்துடுங்க சார். மரப்பு போறவரைக்கும் எதுவும் சாப்பிடாதீங்க. அங்கயும் சிவப்புதானாம் சார்! சிவப்பு!"

கையுறையைக்கூடக் கழற்றாமல் படியிறங்கி ஓடினார்.

கோதண்டராமன் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். பெஞ்சில் காத்திருந்த அம்மாள், டாக்டர் ஏன் இப்படி ஓடுகிறார் என்று பதறிப்போய்க் கேட்டாள்.

அவள் பக்கத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டார் கோதண்டராமன்.

"குவாஷர்னா என்னன்னு தெரியுமாம்மா?" என்று கோணிய வாயால் ஆரம்பித்தார்.